ஒலி அட்டவணையை மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: உலக மொழிகளின் ஒலி அமைப்புகளைப் பற்றிப் படிக்க ஆசை. மொழியியல் படித்ததில்லை. ஐ.பி.ஏ. (சர்வதேச ஒலியெழுத்து) அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்கிப் பாதியில் நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மனப்பாடத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். 1886-ல் பாரிஸில் தொடங்கிய ஒரு சங்கம் உருவாக்கிய குறியீடுகள் அவை. அகராதி மாதிரி, வேண்டும்போது புரட்டிக்கொள்ளலாம். எந்த மொழிக்கு எந்த ஒலி வேறுபாடு முக்கியம் என்பது அதில் இருக்காது. நீங்கள் தேடுவதோ அதைத்தான்.

உங்கள் வாயிலிருந்தே தொடங்குங்கள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கல், தங்கம், பகல் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘கல்’லில் ககரம் பிறக்கும்போது தொண்டை சும்மா இருக்கும். ‘தங்க’த்தில் அதிரும். ‘பக’லில் நாக்கு அண்ணத்தை முழுசாக அடைப்பதே இல்லை, காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. இவ்வளவு நாள் இது நமக்கு உறைக்காததற்குக் காரணம் உண்டு: எந்த இடத்தில் எது வரும் என்பதைப் பக்கத்து ஒலிகளே முடிவு செய்துவிடுகின்றன, அதை வைத்துப் பொருள் மாறுவதில்லை. மனத்தில் ஒன்றாகப் பதிந்திருக்கும் அந்தக் ககரம்தான் ஒலியன். வாயில் வரும் மூன்றும் அதன் மாற்றொலிகள்.

சரி, இந்திக்குப் போவோம். காலம், தோல், கன்னம் ஆகிய மூன்றுக்கும் அங்கே உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘கால்’! முதல் ஒலிதான் வேறு: சாதாரண ககரம், மூச்சைத் தள்ளிச் சொல்லும் ககரம், தொண்டை அதிரும் ககரம். நாம் கண்டுகொள்ளாத அதிர்வு அங்கே காலத்தைக் கன்னமாக்கிவிடும். இப்படி ஒரே ஒலியால் பொருள் மாறும் சொல்ஜோடிகளைத் தேடுவதுதான் இத்துறையின் அன்றாட வேலை. நம் ‘வலி’யும் ‘வழி’யும் அப்படியொரு ஜோடி, தமிழ் கற்கும் வெளிநாட்டவர் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

அப்புறம் எண்ணிக்கை. உலக மொழிகளில் மெய்யொலிகள் சராசரியாக 22 அளவில் இருக்கும். பப்புவா நியூகினியின் ரோட்டோகாஸ் மொழிக்கு ஆறே போதும். போட்ஸ்வானாவில் பேசப்படும் தா மொழியில் நூறையும் தாண்டும். தாவில் பல சொற்கள் சொடுக்கொலியில்தான் தொடங்கும். பயப்பட வேண்டாம், ஐயோ பாவம் என்று நாம் உச்சுக்கொட்டுவதும் ஒரு சொடுக்கொலிதான். நமக்கு அது வெறும் பரிதாபம், தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் அது முறையான மெய்யொலி.

ஆனால் பட்டியல்களில் மயங்கி நின்றுவிடாதீர்கள். ஒரு புதிய மொழியை மட்டும் எடுத்து, தாய்மொழியாளர் பேசிய பதிவுகளைக் கேட்டு, இருபது சொல்ஜோடிகள் சேருங்கள். எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். காது தடுமாறினால் பிராட் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். சீனாவின் மாண்டரின் மொழியில் ‘மா’ என்பது குரல் போகும் போக்கைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்காகும். அந்த நான்கையும் பதிவு செய்து பிராட்டில் திறந்தால், குரல் ஏறுவதும் இறங்குவதும் நீலக் கோடாகத் திரையில் தெரியும்.