மரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. நீடித்து நிலைக்கும் நகரங்களைத் திட்டமிடுவது, வடிவமைப்பது பற்றி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் நான்கு வாரக் கோடைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பல நாட்டு மாணவர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் ஆர்க்கிடெக்சர் படிப்பவர்கள். எனக்கு வரையவே வராது. "அது காசு கட்டிப் போகிற டூர், ஒரு சான்றிதழ்தான் மிச்சம்" என்கிறார்கள் சீனியர்கள். நான்கு வாரத்தில் நகரத் திட்டமிடல் கற்றுக்கொள்ள முடியுமா? அந்தக் குழுவில் நான் என்ன செய்யப் போகிறேன்?

ச.

அன்புள்ள ச.,

முடியாது. நான்கு வாரத்தில் ஒரு தெருமுனை பிடிபட்டாலே பெரிய விஷயம். ஆனாலும் போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன், ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு.

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. காலையில் உரை, மதியம் பேருந்தில் ஊர் சுற்றல், கடைசி மூன்று நாள் ராத்தூக்கமில்லாமல் போஸ்டர் என்று நடக்கும் படிப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். விளம்பரக் கையேட்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கையேட்டிலும் பச்சைக் கூரையும் சைக்கிளும் இருக்கும். நாள்வாரியான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்துக்கு எத்தனை தடவை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். ஒரு தடவை என்றால் டூர்தான். அதே சதுக்கத்துக்குக் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை, மழையில் ஒரு முறை என்று அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். கிரெடிட் கணக்கையும் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை. 6 கிரெடிட் என்றால் 150 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நான்கு வாரத்தில் அது நடக்கும். இரண்டே வாரத்தில் 6 தருகிறேன் என்றால், முன்கூட்டியே படிக்க ஏதாவது அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

திரும்பத் திரும்பப் போய் என்ன செய்வது? எண்ணுவதுதான். 1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் உயரக் கட்டடங்களுக்கு முன்னால் இருந்த திறந்தவெளிகளைக் கேமரா வைத்துப் படம்பிடித்து, யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார். சில இடங்களில் கூட்டம், சில இடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வெயிலா, இடத்தின் அளவா, வடிவமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவைக் கேட்டால் சிரிப்பீர்கள்: உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். ஆனால் அந்தச் சாதாரண உண்மைக்குக் கணக்கு இருந்ததால், 1975இல் அந்த நகரம் திறந்தவெளிகளுக்கான தன் விதிகளையே திருத்தியது. இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

இனி, குழுவில் உங்கள் வேலை என்ன என்பதற்கு வருகிறேன். இது என் சொந்தக் கதை. மாணவனாக இப்படி ஒரு படிப்புக்குப் போனபோது எங்கள் குழுவில் ஆறு பேர், எல்லாரும் நன்றாக வரைபவர்கள். ஒரு தெருவின் இரு பக்கமும் வரிசையாக மரம் வைத்தோம். கணினியில் நிஜம்போலவே உருவாக்கிய படம், அதாவது ரெண்டர், அவ்வளவு அழகு, இலை வழியாக வெயில் விழுந்தது. வேலையை மதிப்பிடும் ஜூரியில் ஆசிரியர்கள் நிழலைப் பற்றிப் பேசினார்கள், வண்ணத்தைப் பற்றிப் பேசினார்கள். பார்வையாளராக வந்திருந்த ஒரு குடிநீர்ப் பொறியாளர், "மரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் விழித்தோம். கெட்டிப்படுத்திய சாலைப் படுகை, அதற்குக் கீழே மின்கேபிள், கழிவுநீர்க் குழாய். ஒரு வேர்கூட இறங்க வழியில்லை. எங்கள் செக்‌ஷன் (தெருவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம்) தரைக் கோட்டோடு நின்றுவிட்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம்.

அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ஓவியர் இல்லை, உங்களைப் போன்ற ஒருவர். ஸ்டாக்ஹோமில் நடைபாதைக்கு அடியில் பெரிய உடைகற்களை நிரப்பி மரம் வளர்க்கிறார்கள். மேலே நடக்கிறவர்களின் பாரத்தைக் கற்கள் தாங்கிக்கொள்ளும், கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் காற்றும் மழைநீரும் வேரும் இறங்கும். பாரம், இடைவெளி, வடிகால் எல்லாம் நீங்கள் பரீட்சைக்குப் படித்தவைதான். ஆனால் மரத்தை வரைகிறவருக்கு அவை தோன்றுவதில்லை.

அந்த வகுப்பில் தென் கொரியாவின் சியோல் நகரத்தின் சியோங்கியேசியோன் ஓடையை நிச்சயம் காட்டுவார்கள். காட்டாத படிப்பை நான் கண்டதில்லை. ஓடையை மூடி அதன்மேல் போட்டிருந்த மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் சுமார் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். பழைய பாலத்தின் மூன்று தூண்களை நினைவுக்காக அப்படியே நிற்க விட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அது. படம் வரும்போது எல்லாரும் "ஆகா" என்பார்கள். நீங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இயற்கையாக விட்டால் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடை அது. ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் நாளுக்கு ஏறத்தாழ 1,20,000 டன் தண்ணீரைப் பம்ப் வைத்து விடுகிறார்கள். அதனால் அந்தத் திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சாலையை எடுத்துவிட்டு அங்கே மனிதர்களை நடக்க விடுவது சாதாரணக் காரியமா? ஆனால் 'நீடித்து நிலைக்கும்' என்ற சொல்லை அதன்மேல் ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பம்பின் மின்கட்டணத்தை யாராவது மேசையில் வைக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருங்கள். கொஞ்சம் எரிச்சலாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

பல நாட்டு மாணவர்கள் என்றீர்களே, அதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் ஒரே மொழியில் 'தெரு' என்பார்கள். ஆளாளுக்குத் தலைக்குள் ஓடுவது வேறு தெரு. எங்கள் குழு ஒன்றரை நாள் சண்டை போட்டது, 'குறுகலான சந்து' என்று ஒருவன் சொன்னது 4 மீட்டரா 9 மீட்டரா என்பது தெரியாமலே. கடைசியில் வெளியே போய் அளந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ராத்திரி முழுக்க விழித்து வரைவதற்கு அங்கே 'ஷாரெட்' என்று பெயர் சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள். பிரெஞ்சில் அதற்கு வண்டி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கலைப் பள்ளியில் வரைபடங்களை எடுத்துப்போக வண்டி வருமாம், முடிக்காத மாணவர்கள் அதிலேயே ஏறி வரைந்துகொண்டு போவார்களாம். உங்கள் குழுவும் ஏறும். நீங்கள் அதற்கு முந்தைய நாளே தரைக்குக் கீழே உள்ள செக்‌ஷனை முடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். நேர்கோடு போடத் தெரிந்தால் போதும் அதற்கு.

அப்புறம், பையில் ஒரு அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள், 5 மீட்டர் போதும். மற்றவர்கள் எல்லாம் விலை உயர்ந்த பேனா கொண்டுவருவார்கள். இரண்டாம் நாளிலிருந்து உங்களிடம்தான் கடன் கேட்டு வந்து நிற்பார்கள்.