இன்டர்ன்ஷிப்: முதல் நாளுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

மகள் பொதுச் சுகாதாரப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறாள், ஒரு தொண்டு நிறுவனம் 'வந்து சேர்ந்துகொள்ளம்மா' என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது, அடுத்த வாரமே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கிடைத்தது நல்ல செய்திதான். ஆனாலும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இன்டர்ன்ஷிப் மற்ற பாடங்களைப் போலப் பதிவு செய்து படிக்க வேண்டிய ஒரு பாடம். பாடப் பதிவு முடிந்து, என்ன வேலை செய்வாள் என்று எழுதித் தரும் கற்றல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செய்யும் வேலையைத்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்கும். அதற்கு முன் அவள் மாடாய் உழைத்தாலும் நிறுவனத்துக்கு லாபம், பட்டத்துக்குச் சேர வேண்டிய கிரெடிட் (பாட அலகு) கணக்கில் பூஜ்யம். வெளிநாட்டு விசாவில் படிப்பவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர், பாடத்தின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலைக்கு முன் அனுமதி வாங்காமல் இறங்கினால் விசாவுக்கே ஆபத்து.

மணிநேரக் கணக்கு படிப்புக்குப் படிப்பு மாறும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் கணக்கான இசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. அமெரிக்காவில் கிரெடிட்டுக்குச் சுமார் 45 மணிநேரம் என்ற கணக்கு பரவலாக உண்டு. அப்படிப் பார்த்தால் 3 கிரெடிட் பாடத்துக்கு 135 மணிநேரம். 15 வாரப் பருவத்தில் வாரம் 9 மணிநேரம் வரும். பயணம், சாப்பாட்டு நேரம், வீட்டில் அறிக்கை எழுதும் நேரம் இவை இதில் சேருமா சேராதா என்பது அவளுடைய பாடக் கையேட்டில் இருக்கும். அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள். நேரப் பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பருவ முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பும் பதிவேட்டைப் பார்த்ததும் ஒருங்கிணைப்பாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெற்றோர் யாரும் எதிர்பார்க்காத தடை தடுப்பூசிச் சான்று. மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ இடம் என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விவரத்தைக் கேட்பார்கள். வழக்கமான முறையில் அது மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. முதல் தவணை போட்டதுமே சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. மூன்றும் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அரை வருடம் போய்விடும். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கு இரண்டு தவணை, நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி. காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்தால் 48 முதல் 72 மணிநேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்; தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதோடு சில இடங்களில் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்பார்கள். ஆகவே பழைய தடுப்பூசி அட்டையை இந்த வாரமே தேடி எடுங்கள். இதில் உங்கள் உதவி அவளுக்கு நிஜமாகவே தேவைப்படும்.

இனி கற்றல் ஒப்பந்தம். மாணவி, நிறுவன மேற்பார்வையாளர், பல்கலைக்கழக ஆசிரியர் மூவரும் கையெழுத்திடும் தாள் இது. பல மாணவர்கள் இதை ஒரு படிவம் என்று நினைத்து அரை மணியில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த இன்டர்ன்ஷிப்பின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. 'சுகாதார நிகழ்ச்சிகளில் உதவுவேன்' என்று எழுதியவர், வாரக்கணக்கில் நாற்காலி போட்டுக்கொண்டும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டும் இருக்க நேரும். 'கடந்த ஆண்டு முகாம்களுக்கு வந்தவர்களின் ரத்த அழுத்தப் பதிவுகளைத் தொகுத்து, தொடர்சிகிச்சைக்குத் திரும்பாதவர்கள் எந்தப் பகுதியில் அதிகம் என்று நான்கு பக்க அறிக்கை தருவேன்' என்று எழுதியவரிடம் கடைசியில் காட்ட ஒரு பொருள் இருக்கும்.

அந்தப் பொருளைத்தான் பல படிப்புகள் இப்போது கேட்கின்றன. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரக் கல்விக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான சிஇபிஎச், 2016-இல் வெளியிட்ட விதிகளில் எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) மாணவர்கள் களப் பயிற்சியிலிருந்து குறைந்தது இரண்டு ஆக்கங்களைத் தர வேண்டும், அவற்றின் வழியே குறைந்தது ஐந்து திறன்களைக் காட்ட வேண்டும் என்று வைத்தது. உங்கள் மகளின் படிப்பு அந்த விதிக்குள் வராவிட்டாலும், அதே கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம்: முடிக்கும்போது அந்த நிறுவனம் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எது என் கையில் இருக்கும்? நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் மேசைமேல் வைக்கப்போவதும் அதைத்தான்.

மக்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டும் திட்டம் இருந்தால் மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கதவையும் தட்ட வேண்டும். 'இது சின்ன சர்வேதானே, அனுமதி எதற்கு' என்று மாணவர் தானாக முடிவு செய்யக் கூடாது. விலக்கு உண்டா என்று சொல்வதும் அந்தக் குழுவின் வேலைதான். பதில் வர வாரங்கள் ஆகலாம். காலம் குறைவாக இருந்தால், நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள, அடையாளம் நீக்கிய தரவை வைத்துத் திட்டம் போடுவது எளிது. அதற்கும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளம் வாங்கலாமா, ஏற்கெனவே வேலை பார்க்கும் இடத்திலேயே செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பல படிப்புகளில் இரண்டும் முடியும். சொந்த வேலையிடம் என்றால் வழக்கமான வேலைக்கு வெளியே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்பார்கள். இன்டர்ன்ஷிப் பாடத்துக்காக எழுதித் தர வேண்டிய வாரக் குறிப்புகள், போஸ்டர், அறிக்கை எல்லாம் மற்ற பாடங்களில் அவளுக்குப் பழகியவைதான்.

இடைக்கால மதிப்பீட்டை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். மேற்பார்வையாளர் மாறிவிட்டார், கேட்ட தரவு வரவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாத வேலையே கொடுக்கிறார்கள் என்றால் அதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பாதியில் தெரிந்தால் ஒப்பந்தத்தைத் திருத்தலாம். கடைசி வாரத்தில் தெரிந்தால் மதிப்பெண் பட்டியலில் 'முடிக்கவில்லை' என்று விழும், பட்டமளிப்பும் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும்.

இறுதி மதிப்பீட்டுப் படிவத்தை மேற்பார்வையாளரிடம் இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடட்டும். களப்பணியில் இருப்பவர்கள் மின்னஞ்சலுக்கு மெதுவாகத்தான் பதில் போடுவார்கள். அவர் கையெழுத்துக்காக மகளின் பட்டம் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.