கேசிஎன்ஜே2 மரபணு மாற்றம்: தசை மட்டுமல்ல, இதயத்தையும் பாருங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். காவடி எடுத்த மறுநாள் காலையில் மகனுக்குக் கால் அசையவில்லை, கேசிஎன்ஜே2 மரபணுவில் மாற்றம் என்கிறார்கள், பொட்டாசியம் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ரத்தத்தில் அளவு பார்க்காமல் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த மாற்றத்தால் வரும் ஆண்டர்சன்-டாவில் நோயில் தசைப் பலவீனம் வரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம், கூடலாம், மாறாமலும் இருக்கலாம். கடும் உழைப்புக்குப் பிறகான ஓய்வில் இந்தப் பலவீனம் வருவதுண்டு.

எனக்குக் கவலை இதயம்தான். இந்த மரபணு அமைக்கும் பொட்டாசியம் வழி (செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வரும் பாதை) கைகால் தசையிலும் இதயத் தசையிலும் இருக்கிறது, துடிப்பு தாறுமாறாகலாம். இசிஜி, 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனை எடுத்தாயிற்றா? மயங்கி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் மருந்து எழுதினாலும் இந்த நோயைச் சொல்லுங்கள், சில ஆன்டிபயாடிக்குகள்கூட ஆகாது. அப்புறம், பெற்றோரில் ஒருவருக்கு இதே மாற்றம் இருந்தால் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 50 சதவீதம், அவர்களையும் காட்டுங்கள்.