மருத்துவர் பதில்கள்: ரத்த வாந்திக்குப் பிறகு எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. வெகுநாள் குடி, கல்லீரல் சுருக்கம். போன வாரம் நடுராத்திரியில் ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பியில் வளையம் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஹீமோகுளோபின் 7.6, பிளேட்லெட் 62,000, பிலிரூபின் 3.4, ஆல்புமின் 2.6, ஐஎன்ஆர் 1.9, கிரியேட்டினின் 1.6. வயிற்றில் கொஞ்சம் நீர் இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. ரத்தம் ஏற்றவில்லை என்று சித்தப்பா டாக்டரிடம் சண்டை போடுகிறார். அப்பா பிழைப்பாரா என்று எந்த எண் சொல்லும்? (பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: முதலில் சித்தப்பாவைச் சமாதானப்படுத்துங்கள். டாக்டர் செய்தது சரி. கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் வீங்கிய நாளம் வெடித்து வரும் இந்த வகை ரத்தக்கசிவில் ஹீமோகுளோபினை ஏழிலிருந்து எட்டுக்குள் வைத்திருந்தால் போதும். இதய நோய் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். பை பையாக ஏற்றினால் கல்லீரலுக்குப் போகும் நாளத்தில் அழுத்தம் கூடி, அடைத்த இடமே மறுபடி பீறிடலாம். இரைப்பை, உணவுக்குழாய் ரத்தக்கசிவு நோயாளிகளிடம் பார்சிலோனாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏழுக்குக் கீழே இறங்கினால்தான் ரத்தம் என்று காத்திருந்த பிரிவில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள்.

பிளேட்லெட்டைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். மண்ணீரல் வீங்கி அணுக்களைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது, அதனால் குறைகிறது. அழுத்தம் ரொம்ப நாளாக இருக்கிறது என்று அது சொல்லும். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று சொல்லாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை பிலிரூபின் (மஞ்சள் காமாலையின் அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பது), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை). முதல் இரண்டோடு ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), வயிற்று நீர், மனத்தெளிவு ஆகியவற்றைச் சேர்த்து, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பெண் போடும் சைல்ட்-பியூ முறையில் கூட்டினேன்: 11 வருகிறது, அதாவது மிக மோசமான சி பிரிவு. அந்த மூன்று எண்களையும் வைத்துப் போடும் மெல்ட் கணக்கில் சுமார் 23. இந்த மெல்ட், மேயோ கிளினிக்கில் வேறொரு சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 2002 முதல் கல்லீரல் தானத்துக்கான வரிசையை அதையும், பிறகு வந்த அதன் திருத்திய வடிவங்களையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நாளம் வெடித்து ரத்தம் கசிந்தவர்களில் மெல்ட் 11-க்குக் கீழே இருந்தால் ஆறு வாரத்துக்குள் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 19-ஐத் தொட்டுவிட்டால் இருபதோ அதற்கு மேலோ. மறைக்காமல் சொல்கிறேன், அப்பா இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார். ஆனால் இது கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் அப்பா அதில் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது.

எனக்கு உறுத்துவது அந்த கிரியேட்டினின் 1.6. சுருக்க நோயாளிக்குக் கையும் தொடையும் வற்றி, பழைய சட்டை ஹேங்கரில் மாட்டியது போலத் தொங்கும். தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். அப்படியும் 1.6 என்றால், சிறுநீரகம் காகிதத்தில் தெரிவதைவிட அதிகமாகவே அடிவாங்கியிருக்கிறது. ரத்த இழப்பால் வந்திருக்கலாம், கிருமித்தொற்றாலும் வந்திருக்கலாம். "ஜுரமே இல்லை, எதுக்கு சார் ஆன்டிபயாடிக் ஊசி?" என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். இந்தத் தொற்று ஜுரம் இல்லாமலே வரும், அதற்காகத்தான் அந்த ஊசி.

ஐஎன்ஆரை இறக்க பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றச் சொல்லாதீர்கள். காகிதத்தில் எண் அழகாகும், கல்லீரல் அப்படியேதான் இருக்கும், நாள அழுத்தம் வேறு ஏறும். நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம், வான் வில்லிபிராண்ட் காரணி என்றெல்லாம் புதிய குறியீடுகளை ஆராய்கிறார்கள். அதற்கெல்லாம் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

நீங்கள் எழுதி, இது அச்சாகி வருவதற்குள் ஆறு வாரத்தில் பாதி ஓடியிருக்கும். ஒரு நோட்டில் தேதிவாரியாக அந்த மூன்று எண்களோடு சோடியத்தையும் குறித்து வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும். குடியை அடியோடு விட்டவர்களிடம் சில மாதங்களில் பிலிரூபின் இறங்கி, சி பிரிவிலிருந்து பி-க்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இறங்காவிட்டால் மாற்றுக் கல்லீரல் பற்றி இப்போதே விசாரியுங்கள்.

அடுத்த வளையம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நாள அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையான கார்வெடிலால் அல்லது ப்ரொப்ரனலால் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் மறுபடி ரத்தம் கசிகிறது என்று பொருள், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், முட்டிவலி என்று அவர் கேட்டாலும் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த 1.6 மூன்றாக அதுவே போதும்.