பயாப்ஸி முடிவு வரும்வரை இந்தப் பயத்தை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 47. வழக்கமான பரிசோதனையாக எடுத்த மேமோகிராமில் இடது மார்பில் கால்சியம் புள்ளிகள் கூட்டமாக இருப்பதாக வந்திருக்கிறது. அறிக்கையில் ‘பைராட்ஸ் 4ஏ’ என்று போட்டிருக்கிறார்கள். பயாப்ஸிக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது. இரவில் தூக்கம் இல்லை. மொபைலில் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கப் பயம் ஏறுகிறது. கணவரிடம் மட்டும் சொன்னேன். ‘ஒண்ணும் இருக்காது, விடு’ என்கிறார். அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. முடிவு வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில்: முதலில் அந்த ‘4ஏ’ என்னவென்று பார்த்துவிடுவோம். பைராட்ஸ் என்பது மார்பகப் படங்களுக்கு ரேடியாலஜி மருத்துவர்கள் போடும் எண். 0 முதல் 6 வரை உண்டு. இதில் 4 என்பது மிக அகலமான பிரிவு. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை எதுவானாலும் அதற்குள் அடங்கும். அதனால்தான் அதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். உங்களுடையது அதில் கீழ்ப்படி: 2 முதல் 10 சதவீதம். இதே அறிக்கையோடு 100 பெண்கள் வந்தால், 90 பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிவு வரும். இணையத்தில் வெறும் ‘பைராட்ஸ் 4’ என்று தேடியிருந்தால், 4சி பிரிவில் இருப்பவர்களின் கதையையும் சேர்த்துத்தான் படித்திருப்பீர்கள்.

கால்சியம் புள்ளிகள் நடுத்தர வயதில் வெகு சாதாரணம். சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்துக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதில் சம்பந்தம் இல்லை, எனவே எதையும் நிறுத்த வேண்டாம். புள்ளிகளின் வடிவமும், அவை கூடியிருக்கும் விதமும் படத்தை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாதபடி இருந்தால் ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் பயாப்ஸி.

இதையெல்லாம் படித்த பிறகும் பயம் போயிருக்காது. போகாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். உங்களை வாட்டுவது ஆபத்தின் அளவு அல்ல, பதில் தெரியாமல் இருப்பது. கெட்ட செய்தியைக்கூட மனது எப்படியோ ஏற்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். தெரியாத நிலையில்தான் ஓரிடத்தில் உட்காராது. அதனால் ‘இவ்வளவு பயமாக இருக்கிறதே, அப்படியானால் ஏதோ இருக்கத்தான் வேண்டும்’ என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடினால், அது தப்புக் கணக்கு. 4ஏ வந்தவரும் 4சி வந்தவரைப் போலவே பயப்படலாம்.

பலர் வெளியே சொல்லாத ஒன்று: அந்த இடத்தை அடிக்கடி அழுத்திப் பார்ப்பது. அழுத்த அழுத்த அந்த இடம் வலிக்கும். வலித்ததும் ‘நேற்று இல்லாத வலி’ என்று பயம் இரட்டிப்பாகும். வேறு அறிகுறி இல்லாமல் வலி மட்டும் இருந்தால், அது புற்றுநோயால் வருவது அரிது. பயாப்ஸி வரை கையை எடுத்துவிடுங்கள். மேமோகிராமில் மட்டும் தெரிகிற புள்ளிகள் பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படாது.

மொபைலில் தேடுவதும் இதே ரகம்தான். ஒரு பதில் கிடைத்ததும் ஐந்து நிமிடம் நிம்மதி, அதற்குள் அடுத்த கேள்வி முளைத்துவிடும். ‘தேடாதே’ என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் இடத்தை மாற்றுங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தோன்றும் கேள்வியை அதில் எழுதுங்கள். மாலையில் ஒரு நேரம் குறித்து இருபது நிமிடம் அந்த நோட்டோடு உட்கார்ந்து தாராளமாகக் கவலைப்படுங்கள். படுக்கப்போகும் நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுங்கள். கவலையை அடக்குவது கடினம். ஒத்திப்போடுவது அவ்வளவு கடினமில்லை. மனநல சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்படும் முறை இது. நள்ளிரவில் விழிப்பு வந்து அரைமணி நேரமாகப் புரண்டுகொண்டிருந்தால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு சில நிமிடம் சுவாசித்துவிட்டு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பிப் போங்கள்.

நோட்டில் நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: முடிவு எத்தனை நாளில் வரும், யார் சொல்வார்கள், போனிலா நேரிலா? இதைப் பயாப்ஸி அன்றே கேட்டுவிடுங்கள். வழக்கமாகச் சில நாட்களிலிருந்து ஒரு வாரம், சில இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். தேதி தெரிந்த காத்திருப்பு வேறு, எப்போது போன் அடிக்குமோ என்று கிடப்பது வேறு. பயாப்ஸிக்கு யாராவது தங்கள் தேதியை ரத்து செய்தால் அதை உங்களுக்குத் தரும்படியும் சொல்லிவைக்கலாம். கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம். ஒன்றிரண்டு வாரத் தாமதம் சிகிச்சையின் பலனை மாற்றிவிடாது.

பயாப்ஸியைப் பற்றியே ஒரு பயம் இருக்கும். கால்சியம் புள்ளிகள் அல்ட்ராசவுண்டில் பல சமயம் தெரியாது என்பதால் மேமோகிராம் கருவியின் உதவியோடு எடுப்பார்கள். மார்பை அழுத்திப் பிடித்திருக்கும்; மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று எரியும். அதன் பிறகு அழுத்தம் தெரியுமே தவிர, கூர்மையான வலி இருக்கக் கூடாது. வலித்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். கருவி சத்தம் போடும், அதற்குத் திடுக்கிட வேண்டாம். எடுத்த திசுவில் புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று அங்கேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அடையாளத்துக்காக ஒரு குட்டி உலோக கிளிப்பை உள்ளே விட்டுவிடுவதும் வழக்கம், அது உறுத்தாது. தையல் தேவைப்படுவதில்லை, கன்றிப்போன நிறம் சில நாள் இருக்கும். அன்று அக்குளில் பவுடரோ டியோடரன்ட்டோ வேண்டாம், அதன் துகள்கள் படத்தில் கால்சியம் புள்ளிகளைப் போலவே தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், ஆஸ்பிரின் உட்பட, முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஊசி பயாப்ஸியால் நோயாளிகளின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

உங்கள் கணவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். ‘ஒண்ணும் இருக்காது’ என்று அவர் சொல்வது பாதி அவருக்கே சொல்லிக்கொள்வது. கோபப்படுவதற்குப் பதில் என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள்: ‘நீங்க தைரியம் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டுக்கிட்டிருந்தா போதும். அன்னைக்குக் கூட வாங்க.’ வேலை கொடுத்தால் பெரும்பாலான கணவர்கள் தெளிந்துவிடுவார்கள். இவரைத் தவிர இன்னும் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். ஊருக்கெல்லாம் சொன்னால், தினமும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, தொடர்ந்து பல இரவு தூங்கவேயில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றால் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மட்டும் மருந்து தருவார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, தாமதிக்காமல் போங்கள்.

முடிவு மொபைலுக்கு நேராக வந்துவிடும் ஏற்பாடு இருந்தால், தனியாக, இரவில் திறப்பதில்லை என்று இப்போதே தீர்மானித்துவிடுங்கள். ‘புற்றுநோய் இல்லை’, ‘இருக்கிறது’ என்ற இரண்டுக்கும் நடுவில், செல்கள் இயல்பு மாறியிருக்கின்றன, ஆனால் புற்றுநோய் இல்லை என்றும் ஒரு முடிவு வரலாம். அதைத் தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ‘படத்தில் தெரிந்ததும் திசுவில் தெரிந்ததும் ஒத்துப்போகிறதா?’ ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனாலும், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மறுபடி மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது இதே பயம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதற்குள் பழைய படங்களின் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருந்தால் தேவையில்லாத மறுபரிசோதனைகள் குறையும்.