மெனோர்காவில் இன்று எந்தக் கடற்கரைக்குப் போவது?

ஒரு வாரம் மெனோர்காவில் தங்கப் போகிறீர்கள், எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள். காலையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பெயினைச் சேர்ந்த இந்தத் தீவை ஆட்டிப்படைப்பது 'திரமுந்தானா' என்னும் வடகாற்று. நம் வாடையைப் போலவே இதுவும் வடக்கிலிருந்து வருவது. வானிலை அறிக்கையில் 'வடக்கு' என்றால் வடக்கு நோக்கி வீசுகிறது என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் வடகரையின் காட்டு ஒலிவ மரங்களைப் பாருங்கள். தலைவாரியதுபோல் தெற்கே சாய்ந்தே வளர்ந்திருக்கும்.

வாடை அடிக்கும் நாளில் தெற்கே போங்கள்: காலா கல்தானா, மக்கரேல்லா. சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் காற்றை மறைக்க, தண்ணீர் குளம்போல் கிடக்கும். ஆனால் அந்த அமைதியில் ஓர் ஆபத்து உண்டு. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் குழந்தை சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அன்று மிதவையை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

தென்காற்று என்றால் வடகரை. செம்மணல் பரந்த ப்ரெகோந்தா என் விருப்பம். அங்கே கொஞ்சம் நடக்க வேண்டும், நிழலும் குறைவு.

ஒன்று மட்டும்: காற்று நின்ற மறுநாளும் அலை அடங்கியிருக்காது. செங்கொடி பறந்தால் நீந்த இறங்காதீர்கள்.