'ஏதோ ஆபரேஷன்' என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறேன், 16 வருட சர்வீஸ். லடாக்கில் உயரமான போஸ்ட் ஒன்றில் பத்துப் பேர் என் பொறுப்பில். மேலே போகும் முன் எங்களுக்கு 8 வாரம் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி (மூச்சைக் கவனித்து, மனதை அந்தந்த நொடியில் நிறுத்தும் தியானம்) கொடுத்தார்கள். எனக்கு நன்றாகவே பலித்தது. கோபம் குறைந்தது, தூக்கம் வருகிறது. ஆனால் பையன்கள் என்னோடு ஒட்டுவதில்லை. நான் டென்ட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. விளாத்திகுளம் பக்கத்துச் சிப்பாய் ஒருவன், அம்மாவுக்கு ஏதோ ஆபரேஷன் என்று இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தான். 'மூச்சைக் கவனிடா, எல்லாம் சரியாகும்' என்று அன்பாகத்தான் சொன்னேன். அதிலிருந்து அவன் என்னிடம் பேசுவதே இல்லை. இவர்களையும் பயிற்சியில் ஒன்றவைப்பது எப்படி? இப்போது ஒரு மாத லீவில் கோவில்பட்டியில் இருக்கிறேன்.

பதில்: தம்பி, என்ன ஆபரேஷன்? கர்ப்பப்பையா, கண் புரையா, இருதயமா? எந்த ஆஸ்பத்திரி? கூட யார் இருந்தார்கள்? அந்த அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறாரா? 'ஏதோ' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. கடிதத்தை நான்கு முறை படித்தேன், நான்கு முறையும் அந்த இடத்தில்தான் நின்றேன். நீங்கள் மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். நீங்கள் கேட்கவே இல்லை.

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. 1979-ல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில் தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கிய வகுப்பிலிருந்துதான் இந்த 8 வாரக் கணக்கே வந்தது. ஈராக் போகத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க மரைன் வீரர்களிடம் மூளை ஆராய்ச்சியாளர் அமிஷி ஜாவும், ராணுவ அதிகாரியாக இருந்து பிறகு பேராசிரியரான எலிசபெத் ஸ்டான்லியும் இதைச் சோதித்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். கணக்குப் போட்டுக்கொண்டே எழுத்துகளை நினைவில் வைக்க வேண்டும், அதுதான் சோதனை. புறப்படும் நாள் நெருங்க நெருங்க, பயிற்சியை அதிகம் செய்தவர்களுக்கு அந்தத் திறன் குறையவில்லை. குறைவாகச் செய்தவர்களுக்குக் குறைந்தது. ஆகவே காலையில் நீங்கள் பயிற்சிக்கு உட்காருவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர்கள் அந்தச் சோதனையில் அளந்தது ஒவ்வொருவரும் தன் மனதை எவ்வளவு பிடித்து வைக்கிறார் என்பதைத்தான். பக்கத்துப் படுக்கைக்காரன் உங்களிடம் வாய் திறப்பானா என்பதை அது அளக்கவில்லை. அது உங்கள் வேலை.

இன்னொன்று. 'எல்லாம் சரியாகும்' என்பது அந்தப் பயிற்சியில் எங்கே வருகிறது? இருப்பதை இருக்கிறபடி பார் என்றுதானே சொல்லித்தருகிறார்கள்? அந்தப் பையனிடம் அன்று இருந்தது பயம். அதை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு வாக்குறுதியைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அன்று நீங்கள் போட்ட பூட்டுத்தான் இன்றைக்கும் அப்படியே தொங்குகிறது.

என் வீட்டுக்காரர் சுபேதாராக ரிட்டயர் ஆனவர். கிளேசியரில், அந்தப் பனிமலையில், இருந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். சாயங்காலம் டென்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் எல்லோரையும் உட்காரவைத்து, பூட்ஸ், சாக்ஸைக் கழற்றச் சொல்வாராம். ஒவ்வொருவன் காலையும் தன் மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாகக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பாராம். குளிரில் விரல் செத்துக்கொண்டிருந்தால் அவனுக்கே உணர்வு இருக்காது. இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுத்திக்கொண்டே, "வீட்டிலிருந்து என்ன சேதி?" என்று கேட்பாராம். காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவரிடம் எவனும் மறைக்கமாட்டான் என்பார். தங்கை கல்யாணக் கடன், பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டது, எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வருமாம். அந்த உயரத்தில் தூக்கம் கெடும், பசி சாகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். படைவீரர்கள் தற்கொலை பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி வரும்போதெல்லாம் குடும்பப் பிரச்சினை, பணக் கஷ்டம் என்றுதான் பதிலும் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன், 'வீட்டில் என்ன' என்று கேட்பதும் விரலைப் பார்ப்பது மாதிரி டியூட்டியே.

பெற்றவள் படுக்கையில் இருந்தால் மகன் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்க முடியாத இடத்தில் அவன் இருந்தால், அவன் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும். அப்படி நிற்பது மூத்தவன் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. லீவு கொடுப்பது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் அவனை உங்களுக்கு மேலே இருக்கிற ஜேசிஓ (சுபேதார் மாதிரி அதிகாரி) சாப் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினீர்களா? அந்த அம்மா பெயர் டிபென்டன்ட் கார்டில் (வீரரை நம்பி இருக்கிற குடும்பத்தாருக்கான அட்டை) இருக்கிறதா, ராணுவ மருத்துவமனையில் காட்ட வழி உண்டா என்று விசாரித்தீர்களா? நீங்கள் கோவில்பட்டியில் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு எனக்கு எழுதுகிறீர்கள். அவன் இன்னும் மேலே இருக்கிறான்.

எட்டயபுரம் வழியாக விளாத்திகுளத்துக்குப் பஸ் இருக்கிறது. நாளைக்கே போங்கள். தியானம், பயிற்சி என்று அங்கே எதுவும் பேச வேண்டாம். "உங்கள் மகன் இருக்கிற செக்‌ஷனில்தான் நானும் இருக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அந்த அம்மா பேசுவதைக் கேளுங்கள். மாத்திரைச் சீட்டைக் காட்டினால் வாங்கிப் படியுங்கள். கிளம்பும்போது பருப்புப்பொடியோ கருப்பட்டியோ ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார், மூட்டை கனம் என்று மறுக்காதீர்கள். மேலே போய் அதை அவன் கையில் கொடுத்து, "அன்றைக்கு நான் கேட்டிருக்கணும், கேட்கல, தப்புதான்" என்று சொல்லுங்கள். ஹவில்தார் சிப்பாயிடம் சொல்லலாம், கௌரவம் ஒன்றும் குறையாது.

பஸ் ஏறும் முன் யூனிட்டுக்குப் போன் போட்டு அவன் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் உங்களிடம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.